கீழக்கரை தண்ணீருக்கு எந்தக் கூட்டமீன் ஒத்துவரும்? 2 அடி தொட்டி, நியான் ஆசை

கீழைத்தொட்டி

ஸலாம், வணக்கம். இரண்டு அடித் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, மீன் இன்னும் விடவில்லை. விவரத்தை முழுசாகத் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

அளவு 24 × 12 × 15 அங்குலம். உள்ளே வைக்கிற மோட்டார் ஃபில்டர், பெட்டியில் மணிக்கு 600 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அடியில் கடற்கரை மணல், மேலே சங்கு, சிப்பி, ஓட்டை ஓட்டையான வெள்ளைக் கல் நாலைந்து. தண்ணீர் ஊற்றி ஒன்பது நாள் ஆகிறது.

மீட்டரில் பார்த்த டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு, பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு மில்லிகிராம்): வீட்டு போர் 1850, காவிரிக் குழாய் 380, ஆர்.ஓ. கேன் 45. காவிரி நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் இப்போது தொட்டியில் இருப்பது போர் தண்ணீர். பி.ஹெச். 8.2. மதியம் 31 டிகிரி காட்டுகிறது.

விட நினைப்பது நியான் டெட்ரா 12, டைகர் பார்ப் 4, ஏஞ்சல் 2, கோரி (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி) 4, கப்பி கொஞ்சம். மதுரையிலிருந்து பஸ்ஸில்தான் வரவேண்டும். நியான் கூட்டமாகத் திரும்புகிற அழகுக்காகத்தான் தொட்டியே. இந்தத் தண்ணீரில் நிற்குமா? கைப்பிடி கல் உப்பு போட்டால் எல்லாம் தாங்கும் என்கிறார்களே, போடலாமா?

---

உச்சிப்புளி நீர்

மீனுக்குப் போகுமுன் தொட்டியைக் காலி செய்யுங்கள். உப்பு வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது. கடல் தண்ணீர் சுமார் 35,000. உங்கள் போர் 1850 என்றால் கடலில் இருபதில் ஒரு பங்கு. மொல்லி அதில் குட்டி போட்டுக் குடும்பம் நடத்தும். அமேசான் காட்டு ஓடையில் பிறந்த ஜாதிக்கு அது ஆகாது.

அடுத்தது அந்த மணலும் சிப்பியும். சிப்பி, சங்கு, பவளக்கல் எல்லாமே சுண்ணாம்பு. நம் கரை மணலை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் பாதி சிப்பித்தூள்தான். ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விடுங்கள், நுரைத்தால் அது தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பி.ஹெச்.சையும் கடினத்தன்மையையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அடியிலிருந்து அது கெடுத்துவிடும். நீங்கள் சொல்லும் ஓட்டை விழுந்த வெள்ளைக் கல் அநேகமாகப் பவளம். பவளம் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் வீட்டில் வைக்கக்கூடாது. மன்னார் வளைகுடா பக்கத்தில் இருந்துகொண்டு இதில் விளையாட வேண்டாம்.

மாற்றாக 2-3 மி.மீ. குவார்ட்ஸ் சல்லி 10 கிலோ வாங்குங்கள், உங்கள் அடிப்பரப்புக்கு ஒன்றரை அங்குலம் வரும். அதையும் வினிகர் விட்டுப் பார்த்துவிட்டே போடுங்கள், 'குவார்ட்ஸ்' என்று சொல்லி மார்பிள் சில்லு கொடுப்பதுண்டு.

தண்ணீர்: காவிரி பாதி, கேன் பாதி. 380-ம் 45-ம் சரிபாதி கலந்தால் 210 சுற்று வட்டாரத்தில் நிற்கும். போரையும் கேனையும் கலந்து அதே 210-ஐ எட்டலாமே என்று தோன்றும், பத்து லிட்டரில் ஒரு லிட்டர் போர் சேர்த்தால் போதும். ஆனால் மீட்டர் எண்ணிக்கையைத்தான் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. கடலோர போரில் பெரும்பகுதி சாப்பாட்டு உப்பு, ஆற்றுத் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும். பி.ஹெச். திடீரென்று சரியாமல் பிடித்து நிறுத்துவது அந்த பைகார்பனேட்தான். வெறும் கேன் தண்ணீரில் மீன் வளர்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்து, அதில் பிடிமானமே இல்லை.

காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஏர் கல் போட்டு ஒருநாள் ஓடவிட்டால் போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்): 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 20 லிட்டர் வாளிக்கு 3 மி.லி. இது 2 பி.பி.எம். குளோரினை முறிக்கும். குழாயில் பிளீச்சிங் வாடை தூக்கலாக அடிக்கிற நாளில் 6 மி.லி.

---

வாடைக்காத்து

மேலே சொன்னதை அப்படியே செய்யுங்கள். மீன் பட்டியலைப் பற்றி நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: இது ஒரு தொட்டிக்கான பட்டியல் இல்லை, மூன்று தொட்டிக்கானது.

ஏஞ்சல் இப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருக்கும். வளர்ந்தபின் நியான் அதற்குத் தீனி. தென் அமெரிக்க ஆறுகளில் ஏஞ்சலின் உணவில் இப்படிப்பட்ட பொடி மீன்களும் உண்டு. போதாததற்கு 15 அங்குல உயரம் அதற்குக் குறைவு. டைகர் பார்ப் நாலு மட்டும் விட்டால் அவை தங்களுக்குள் சண்டை போடுவதோடு நிற்காமல் ஏஞ்சலின் நூல் துடுப்பையும் கப்பி வாலையும் கடிக்கும். எட்டு பத்தாக விட்டால் அந்தக் குறும்பு கூட்டத்துக்குள்ளேயே அடங்கும், ஆனால் அப்போது தொட்டியில் வேறு எதற்கும் இடமில்லை. கோரிக்கு உப்பும் ஆகாது, சூடும் ஆகாது. அதில் ஸ்டெர்பாய் போன்ற சில வகைதான் 28 வரை சிரமமில்லாமல் இருக்கும்.

நியானுக்கு வருவோம். இன்றைக்குக் கடைக்கு வரும் நியான் பண்ணையில் பிறந்தது, ஓரளவு கடினத் தண்ணீருக்குப் பழகியதுதான். அதனால் 210 அதைக் கொல்லாது. கொல்வது சூடு. அதற்கு வசதியானது 20 முதல் 26 டிகிரி. 30-ல் உடனே சாகாது, நிறம் மங்கி, இரை எடுத்தும் மெலிந்து, வாரத்துக்கு ஒன்றாகக் குறையும். பார்ப்பவர் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்.

நம் கரைக்கு என் தேர்வு எக்ஸ்-ரே டெட்ரா. உடம்பு கண்ணாடி மாதிரி, முதுகுத் துடுப்பில் மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டை, வாலில் லேசான சிவப்பு. நாலு நாலரை சென்டிமீட்டர்தான் வளரும். கயானா கரையோர ஆறுகளிலும் இருக்கும் மீன், லேசான உவர் நீரையும் தாங்கும் டெட்ரா இதைவிட்டால் அதிகமில்லை. தப்பித்தவறி ஒருநாள் போர் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனாலும் மன்னிக்கும். நியான் போல மின்னாது, உண்மைதான். ஆனால் கறுப்புப் பின்னணி ஒட்டி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்தால் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் திரும்பும்போது நீங்கள் கேட்ட அந்த அழகு கிடைக்கும்.

இன்னொன்று நம் ஊர் கண்ணாடி மீன். முள்ளெலும்பு வெளியே தெரியும், இந்தியக் குளங்களின் சொந்த மீன், 30 டிகிரி அதற்குப் புதிதில்லை. இரண்டு எச்சரிக்கை. பச்சை, ரோஸ் கோடு போட்ட கண்ணாடி மீனை வாங்காதீர்கள், அது பிறவி நிறமல்ல, ஊசியால் ஏற்றிய சாயம். குத்திய இடத்தில் நோய் பிடிக்கும், சாயமும் மாதக்கணக்கில் கரைந்துவிடும். மற்றது, உலர் தீனியை லேசில் தொடாது. ஆர்ட்டீமியா (இறால் மாதிரிப் பொடி உயிர்) முட்டையைப் பொரிக்க வேண்டும். அதற்குக் கடல் இல்லாத ஊர்க்காரர்கள் உப்பைக் கரைக்கிறார்கள், உங்களுக்கு எதற்கு அது? கலங்கல் இல்லாத கடல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஒரு லிட்டர் எடுத்து, அரை ஸ்பூன் முட்டை போட்டு, ஏர் குழாயைப் பலமாக விட்டு, விளக்கடியில் வைத்தால் 24 மணி நேரத்தில் பொரியும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும், உப்பு கூடப் போகக்கூடாது.

செர்ரி பார்ப் இலங்கை மீன்தானே, தலைமன்னாருக்கும் நமக்கும் எவ்வளவு தூரம், ஒத்துவராதா என்று சிலர் கேட்பார்கள். அது இருப்பது தென்மேற்கு இலங்கையின் நிழல் ஓடைகளில். அந்த நிழல் ராமநாதபுரத்தில் ஏது.

எதை எடுத்தாலும் ஒரே ஜாதியில் பத்து, பன்னிரண்டு. நாலு வகையில் மும்மூன்று என்பது கூட்டமே இல்லை. ஒவ்வொன்றும் மூலையில் பதுங்கும், இல்லையென்றால் ஒன்றையொன்று விரட்டும்.

---

மண்டபம் டேங்க்

வாடைக்காத்து அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நியான் வேண்டாம் சரி, கார்டினலை ஏன் விட்டீர்கள்? ரியோ நீக்ரோ, ஓரினோகோ பக்கத்து மீன், 29 வரை அதற்கு இயல்பு. சிவப்பு தலை முதல் வால் வரை ஓடும், நியானைவிடப் பார்வை. கேன் 7 பங்கு, காவிரி 3 பங்கு கலந்தால் 145. அதில் தாராளமாக நிற்கும். ஆசைப்பட்டுக் கேட்கிறவரிடம் வேறு மீனை எடு என்று மட்டும் சொல்வது சரியில்லை.

ஆனால் கார்டினல் என்றால் சூட்டை 29-க்குள் கட்டியே ஆக வேண்டும். அதற்கு ஃபேன்தான் வழி. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டைத் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்வாக வையுங்கள். ஒரு லிட்டர் ஆவியாகும்போது எடுத்துப்போகும் சூடு, 55 லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரி இறக்கப் போதுமானது. அறைச் சூடு திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதால் கையில் நிற்பது இரண்டு, மூன்று டிகிரி. கச்சான் (மேல்காற்று) உலர்ந்து அடிக்கிற நாளில் நன்றாக இறங்கும். கடலிலிருந்து ஈரக்காற்று வரும் புழுக்க நாளில் இரண்டைத் தாண்டாது, காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்?

ஐஸ் பாட்டிலை நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் உறைந்த பாட்டில் உங்கள் தொட்டியை 2 டிகிரி சட்டென்று இறக்கும், சாயங்காலத்துக்குள் பழையபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் வெள்ளைப்புள்ளி நோய் வருகிறது. ஃபேன் கெட்டுப்போன அன்றைக்கு அரை லிட்டர் பாட்டில், அவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபேன் ஓடினால் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் வரை ஆவியாகும், வாரம் பத்து லிட்டர். போவது வெறும் தண்ணீர், உப்பு முழுதும் உள்ளேயே தங்கும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பினால் வாரத்துக்கு டி.டி.எஸ். 350 ஏறும். வாரம் 15 லிட்டர் மாற்றிக்கொண்டே வந்தாலும் நாலாவது வாரக் கடைசியில் 1000-ஐத் தாண்டிவிடும். அதே பத்து லிட்டரைக் கேனால் நிரப்பினால் வாரத்துக்கு ஒன்பதுகூட ஏறாது. ஆகவே மட்டம் குறைந்தால் கேன் மட்டுமே. வாரா வாரம் மாற்றும் தண்ணீருக்குத்தான் கலவை. கண்ணாடியில் மார்க்கர் கோடு ஒன்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கோட்டுக்குக் கேன்.

---

வாடைக்காத்து

கார்டினல் பற்றிச் சொன்னது சரி, தம்பி. ஃபேனும் கேனும் ஒருநாள் தவறாமல் நடக்கும் வீடென்றால் கார்டினல். வீட்டில் ஆள் இல்லாமல் பத்து நாள் பூட்டிவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால் எக்ஸ்-ரே. முடிவு அவர் வீட்டு நடைமுறையைப் பொறுத்தது.

---

கீழைத்தொட்டி

காக்காமார் எல்லாருக்கும் நன்றி. சல்லிக்குச் சொல்லிவிட்டேன். மணல், சிப்பி வெளியே போகிறது. மூன்று சந்தேகம். ஒன்பது நாள் ஓடிய தொட்டியைக் கழுவினால் சைக்கிள் (மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா வளர்வது) வீணாகாதா? மாதம் ஒருநாள் காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 5 வரை கரண்ட் இருக்காது, அன்று என்ன செய்வது? மதுரை பஸ் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, கவரில் தாங்குமா?

---

உச்சிப்புளி நீர்

வீணாவதற்கு ஒன்றுமில்லை. மீனும் இல்லை, அமோனியாவும் ஊற்றவில்லை என்றால் ஒன்பது நாளும் வெறும் தண்ணீர் சுற்றியதுதான். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும்.

கெமிக்கல் கடையில் அமோனியம் குளோரைடு என்று கேட்டு வாங்குங்கள். நாட்டுமருந்துக் கடை நவச்சாரமும் அதுதான், ஆனால் அழுக்கு கலந்திருக்கும். 10 கிராமை 100 மி.லி.யில் கரைத்து, அதில் 3.5 மி.லி. தொட்டியில் விட்டால் அமோனியா 2 பி.பி.எம். அருகே வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள், பூஜ்யத்துக்கு இறங்கியதும் மறுபடி 3.5 மி.லி. நடுவில் நைட்ரைட் (அமோனியாவை பாக்டீரியா மாற்றும்போது வருவது) எகிறும், பயப்பட வேண்டாம். ஊற்றிய 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் என்று வருகிற அன்றைக்குத்தான் தொட்டி தயார். நம் சூட்டுக்கு மூன்று, நாலு வாரம். ஓடுகிற நல்ல தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் பாதியாகக் குறையும். முடிந்ததும் தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு மீன் விடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 30 டிகிரியில் பி.ஹெச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் விஷமாக இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8.2-ல் அது 11 பங்கு. ஒரே அளவு கழிவு, பன்னிரண்டு மடங்குக்கும் மேல் விஷம். குளிர்ந்த ஊரில், மென்னீரில் வைத்திருப்பவர் செய்கிற அலட்சியத்தை நாம் செய்ய முடியாது.

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்.

---

மண்டபம் டேங்க்

கரண்டுக்கு: இப்போதிருக்கும் ஃபில்டரோடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சேர்த்து ஓட்டுங்கள். சார்ஜ் ஏறுகிற பேட்டரி ஏர் மோட்டார் ஒன்று வாங்கி, கரண்ட் போனதும் அந்தக் குழாயை ஸ்பாஞ்சில் மாட்டிவிடலாம். எட்டு மணி நேரம் தாங்குமா என்று வாங்கிய அன்றே ஓட்டிப் பார்த்துவிடுங்கள், பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் புதுப் பேட்டரியின் கணக்கு. 26 டிகிரியில் லிட்டருக்கு 8 மி.கி. ஆக்சிஜன் கரையும் தண்ணீரில் 32-ல் 7.3-தான் கரையும், மீனின் தேவையோ சூட்டில் கூடும். அன்றைக்கு இரை போடாதீர்கள். ஒன்றுமே இல்லையென்றால் கால் மணிக்கொருமுறை ஒரு செம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், பத்துப் பதினைந்து தடவை.

மூடிய டப்பா ஃபில்டர் நாலைந்து மணி நேரம் நின்றிருந்தால் கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. உள்ளே அழுகிய தண்ணீர் தேங்கியிருக்கும். திறந்து அதைக் கொட்டிவிட்டு மாட்டுங்கள்.

கூடவே ஒன்று. உப்புக் காற்றில் ஃபேன், லைட் அடாப்டர் பின் எல்லாம் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறும்படி இருக்கட்டும், வயர் வழியே இறங்கும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

---

வாடைக்காத்து

பஸ் விஷயம். மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை, ஆக்சிஜன் அடித்த கவரில் நாள் முழுதும் வரும். ஒரு கவரில் ஆறுக்கு மேல் போடச் சொல்லாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. தெர்மாக்கோல் பெட்டி, இல்லையென்றால் ஈரத் துண்டு சுற்றிய பை. ஜன்னல் பக்க சீட்டில் வைத்தால் வெயில் பட்டு வேகும். காலை முதல் வண்டியே நல்லது.

கடையில் இரண்டு வேலை. மீட்டரைக் கொண்டுபோய்க் கடைத் தொட்டியின் டி.டி.எஸ். பாருங்கள். அடுத்து, அந்தத் தொட்டியில் எந்த மீனுக்காவது நிறப் பட்டை நடுவில் வெளிறி, சதை வெள்ளையடித்து, முதுகு கோணியிருந்தால் நல்லதாகத் தெரிவதையும் வாங்காமல் திரும்புங்கள். நியான் நோய் என்று பெயர், கார்டினலுக்கும் வரும், மருந்து கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்து, கவரைத் திறக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். பயணத்தில் கவருக்குள் அமோனியா சேர்ந்திருக்கும், ஆனால் கரியமில வாயு பி.ஹெச்.சைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அது அடங்கியிருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பி.ஹெச். ஏறும், அடங்கியிருந்தது விஷமாகும். திறந்து வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது மெதுவாகக் கொல்வது. கடைத் தண்ணீருக்கும் உங்களுடையதற்கும் வித்தியாசம் 100, 150-க்குள் என்றால் திறந்தபின் அரை டம்ளர் வீதம் நாலு தடவை, இருபது நிமிடத்துக்குள் முடித்து, வலையில் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கவரை இழுத்தடிக்காமல், கடைத் தண்ணீரின் அளவுக்கே கலந்த ஒரு டப்பில் விட்டு, நாலைந்து நாளில் சிறிது சிறிதாக உங்கள் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த டப்பிலேயே மூன்று வாரம் தனியாக வைத்திருந்தால் இன்னும் நல்லது. 20 லிட்டர் டப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பைப் துண்டு ஒளிந்துகொள்ள. அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் முன்கூட்டியே ஓடவிட்டு எடுத்தால் டப்புக்குத் தனிச் சைக்கிள் வேண்டாம்.

---

கீழைத்தொட்டி

அப்படியானால் முடிவு: கார்டினல் 12, ஆண் கப்பி 4. ஃபேன் இரண்டு, ஸ்பாஞ்ச் ஒன்று கூடுதல். கேன் 7, காவிரி 3. வாரம் 15 லிட்டர், அது எங்கள் வீட்டுக் குடம் ஒன்று. செடி ஏதும் வேண்டுமா?

---

உச்சிப்புளி நீர்

கப்பிக்கு 145 மெலிந்த தண்ணீர், அது சுண்ணாம்பைக் கேட்கும் மீன். கார்டினல் என்று முடிவானால் கப்பியை விட்டுவிட்டு, கார்டினலை 14 ஆக்குங்கள். ஒரேயடியாக வேண்டாம், முதலில் ஏழு, மூன்று வாரம் கழித்து ஏழு. அடுத்த ஏழும் டப் வழியாகத்தான் வர வேண்டும்.

செடி கட்டாயம். மேலே மிதக்கும் செடி மூன்றில் ஒரு பங்கு, பின்பக்கம் வாலிஸ்னேரியா அல்லது ஹைட்ரில்லா, நடுவே நீந்த வெட்டவெளி. வெளிச்சம் ஏழு மணி நேரத்துக்கு மேல் போனால் கண்ணாடி பச்சையாகும். விட்ட முதல் வாரம் கூட்டம் இறுக்கமாக ஒட்டியே சுற்றும், பயம்தான் காரணம். பழகியதும் தளர்ந்து பரவும். கூட்டம் போடவில்லையே என்று அப்போது கவலைப்படாதீர்கள். பல வாரம் கழித்து மறுபடி ஒரு மூலையில் இறுகி நின்றால் மட்டும் உடனே மீட்டரையும் அமோனியா கிட்டையும் எடுங்கள்.

இரை தூளாக்கிய ஃப்ளேக், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தீர்கிற அளவு. ஃபேன் காற்று தீனியை ஒரு பக்கம் ஒதுக்கிவிடும், போடும்போது இரண்டு நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள்.